பீச்சாங்கைக் கரடி

ஒரு கரடி எந்தக் கையால் சாப்பிட்டது என்ற சண்டையில் ஒரு பெண்ணின் வேலைக்கு வேட்டு வைத்தவன் நான். அது நிஜக் கரடிகூட இல்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ எப்போதோ காகிதத்தில் வரைந்த கார்ட்டூன் கரடி. அந்தப் பெண் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்க வைத்து வந்தவர். அவருக்கு ஞாபகம் கெட்டுப்போய்விட்டது என்று தாய்மார் ஆறு பேர் காதுபட நான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். அந்த அளவுக்கு எனக்கு எப்படி எரிச்சல் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், பெட்டி வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹட்டனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாண வீடியோ, அடையாள அட்டைப் படம், செத்தவர் படத்துக்குக் கோட்டு மாட்டிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. பிறந்து வளர்ந்தது பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே ஆபீசில் பெரிய கிளாக்கர், தலைமை எழுத்தர். தோட்டத்துக்கென்று அந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு பட மெஷின் இருந்தது. வருடத்தில் மூன்று நான்கு தடவை பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற அதே மண் தரையில், இரண்டு மரத்தை நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். பெரிய படத்துக்கு முன்னால் ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்று ஓடும். ஒரு ஆடு, ஒரு கரடி. கரடி தோட்டத்தில் முட்டைக்கோவா நட்டு வைத்திருக்கும், ஆடு அதைத் தின்ன வழி பார்க்கும். எல்லாக் கார்ட்டூனும் இந்த ஒரே கதைதான். பெரிய படம் எது என்று இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை, ஆட்டையும் கரடியையும் ஒருவரும் மறக்கவில்லை.

போன வருடம் தோட்டத்திலிருந்து ஒரு போன். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியைச் சுத்தம் பண்ணுகிறார்களாம். "உங்க அப்பா காலத்துப் படப்பெட்டி ஒன்னு கெடக்குதுங்க. வந்து எடுத்துக்கிறீங்களா, எரிச்சுடவா?" என்று கேட்டார் அங்கே இருந்த அலுவலர். நல்லவேளை, கேட்டாராவது. அடுத்த பஸ்ஸிலேயே போனேன்.

அது தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டி. உள்ளே சுற்றிலும் ஈயத்தாள். மூடியின் விளிம்பெல்லாம் காற்றுப் புகாமல் ஒட்டி, ஆணி அடித்து, அதன் மேல் தகரப் பட்டி. வெளிநாட்டுக்கு அனுப்புகிற முதல்தரத் தேயிலையை எவ்வளவு பக்குவமாக அடைப்பார்களோ அவ்வளவு பக்குவம். அதையும் கொண்டுபோய் வைத்தது எங்கே? கொழுந்து காய வைக்கும் சூடான மாடியில். குளிர் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன், குப்பென்று அடித்தது பாருங்கள் புளித்த வினாகிரி வாடை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய பிலிம் தானாகவே புளிக்கும். அந்தப் புளிப்பு வெளியேற வழியில்லாவிட்டால் அதிலேயே ஊறி இன்னும் வேகமாகப் புளிக்கும். தேயிலைக்குச் செய்கிற அத்தனை உபசாரமும் பிலிமுக்கு விஷம். தேயிலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு அன்பாக ஒரு பொருளை நாசமாக்கியிருக்க முடியாது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஒன்பது சுருள் இருந்தன. நான்கு ஒரே கட்டியாக இறுகி, கருப்பட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தன. மிச்சம் ஐந்து. அவையும் சுருங்கி, வளைந்து, ஓரத்துத் துளைகள் மெஷினின் பல்லோடு பொருந்தாமல் நின்றன. கொழும்பில் பிலிமை ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்தையும் பார்த்தார். "இத என் மெஷின்ல போட்டா மெஷின்தான் போகும். குப்பையில போட்டுட்டு இன்டர்நெட்ல நல்ல காப்பி தேடுங்க" என்றார். தேடாமலா வந்தேன்? இருந்ததெல்லாம் தபால்தலை அளவுக்கு, மங்கலாய், பாதியில் வெட்டுப்பட்ட பிரதிகள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. ரயிலில் ஹட்டனுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

பழைய மெஷின் ஒன்றின் பல்லை எல்லாம் பிடுங்கிவிட்டு, கல்யாணப் படம் எடுக்கிற என் கேமராவை அதன் முன்னால் இறுக்கிக் கட்டினேன். பிலிமைக் கையால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி ஒவ்வொன்றாகப் படம் எடுக்கத் தொடங்கினேன். ஒரு வினாடிக்கு இருபத்துநாலு கட்டம். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஐந்து கார்ட்டூனுக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. கல்யாணச் சீசனில் ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே வினாகிரி வாடையில் நான் கரடியைப் படம் பிடித்துக்கொண்டிருப்பேன். "என்னங்க, ஊறுகாய் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் வந்தது ஆட்டின் தாடி. தூசியையும் கீறலையும் தானாகத் துடைத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டேன். ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்தில் இல்லாத எதையும் அது தூசி என்று நினைத்து அழித்துவிடும். ஆடு வேகமாக ஓடும்போது அதன் தாடி மூன்று மெல்லிய கோடுதான். ஒரு கட்டத்தில் இங்கே இருக்கும், அடுத்ததில் அங்கே. மென்பொருள் என்ன செய்தது? தாடியைத் தூசி என்று வழித்துத் தள்ளியது. ஆடு நின்றால் தாடி இருக்கிறது, ஓடினால் காணோம், மறுபடி நின்றால் முளைக்கிறது. இந்தக் கூத்தைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தாடி வரும் கட்டங்களை எல்லாம் தேடிப் பிடித்து, அழிந்த கோட்டைப் பழையபடி கொண்டுவந்து வைத்தேன். கரடியின் மீசை, கோவா இலையின் நரம்பு, புகைபோக்கிப் புகை, எல்லாவற்றுக்கும் அதே கதிதான். கொழும்புக்காரர் போனில் சொன்னார், "அண்ணே, ஆட்டுத் தாடிய எவன் பாக்கப் போறான்?" போனை வைத்துவிட்டேன். நான் பார்ப்பேன். வரைந்தவன் ஒருவன் உட்கார்ந்து அந்த மூன்று கோட்டையும் போட்டிருக்கிறானே.

இந்தக் கார்ட்டூன்களின் உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகு, ஐந்தையும் சேர்த்து டிவிடியாகவும் பென் டிரைவாகவும் வெளியிட்டேன். அட்டையில் ஆடும் கரடியும் கோவாப் பாத்திக்கு இரண்டு பக்கமும் நிற்கும் படம். முதல் பிரதி அக்காவுக்கு. என் கூடப்பிறந்தவள், வலப்பனையில் ஆசிரியை. அன்றைக்கே போன் பண்ணினாள். "அப்படியே இருக்குடா. அதே கரடி, அதே கோவா. சின்ன வயசுல பாத்த மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கு அது போதும் என்றிருந்தது. ஆனால் விடுவார்களா மற்றவர்கள்?

முதலில் வந்தது கறுப்புப் பட்டை. "டிவியில ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்குதுங்க, பாதிப் படத்த வெட்டிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பழைய படம் சதுரமாக இருக்கும், புது டிவி அகலமாக இருக்கிறது, பக்கத்தில் இடம் மிஞ்சத்தான் செய்யும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை கட்டியது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் டிவியில் இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஆடு குட்டையாய் எருமை மாதிரி ஆனது. "இப்பதாங்க படம் நல்லாருக்கு" என்றார்கள். மூன்று வாரம் ஒட்டிய தாடி அந்த எருமையின் மோவாயில் தடித்த கயிறாகத் தொங்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்துத்தான் கை. ஹட்டன் சந்தையில் காய்கறி விற்கும் ஒருவர், எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதுல ஏதோ பிழை இருக்குதுங்க. கரடி சோத்தாங்கையால சூப் குடிக்குது. நம்ம கரடி பீச்சாங்கைக் கரடி இல்லையா? படத்த திருப்பிப் போட்டுட்டீங்க போல."

எனக்குத் திக்கென்றது. பிலிமுக்கு இரண்டு முகம். மாற்றி வைத்துப் படம் எடுத்துவிட்டால் இடம் வலமாகிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சாதாரணமாகச் செய்யும் தவறுதான். அன்று முழுவதும் கடையைச் சாத்திவிட்டு ஐந்து படத்தையும் சோதித்தேன். ஆரம்பத்தில் வரும் ஆங்கில எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக வாசிக்கும்படிதான் இருந்தன. கரடியின் தோட்டத்துப் பலகையில் எழுதியிருந்ததும் ஒழுங்காகத்தான் இருந்தது. எழுத்து நேராக இருந்தால் படமும் நேர்தான். கரடி சோற்றுக் கையால்தான் சாப்பிட்டிருக்கிறது. மறுநாள் அவரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் கரட் கட்டிக்கொண்டே, "அப்படிங்களா, சரிங்க" என்றார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மனுஷன் என்னைக் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அதுதான் வினை. அங்கே குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு டிவி வைத்திருந்தார்கள். நம் தோட்டத்துப் பெட்டியிலிருந்து வந்த படம், நம் தோட்டத்துக் குழந்தைகள் பார்க்கட்டும் என்று பென் டிரைவோடு போனேன். பகல் வேளை. மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மார் ஆறு பேர் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்யும் அந்தப் பெண் என்னைவிட மூன்று வயது மூத்தவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், எனக்கும்தான். சின்ன வயதில் என்னைச் சின்னையா என்று கூப்பிட்டவர். நான் ஸ்டூடியோ போட்ட பிறகு தம்பி ஆகிவிட்டேன்.

படத்தைப் போட்டேன். குழந்தைகள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன. அக்கா மட்டும் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தார். கரடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"இது அந்தப் படம் இல்லைங்க தம்பி."

"அதே படந்தான் அக்கா."

"கரடி பீச்சாங்கையாலதான் குடிக்கும். ஆடு இந்தப் பக்கமா வரும். இதுல எல்லாம் மாறிக் கெடக்கு."

நான் பொறுமையாகத்தான் தொடங்கினேன். எழுத்தைக் காட்டினேன், பிலிமின் இரண்டு முகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், கேட்டு முடித்ததும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அந்தக் கரடியப் பாத்துட்டு வந்து நானும் பீச்சாங்கையால சோறு தின்னேன். எங்கம்மா அகப்பைக் காம்பாலயே போட்டாங்க கையில. அடி வாங்கினது நான். அது எப்படிங்க மறக்கும்?"

தாய்மார் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பல மாதமாக வினாகிரியில் ஊறியவன், பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டங்களைத் துடைத்தவன், தாடி ஒட்டியவன், கறுப்புப் பட்டைக்குப் பதில் சொல்லிக் களைத்தவன். அத்தனையும் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"அக்கா, உங்களுக்கு ஞாபகம் கொழம்பிப் போச்சு. கண்ணு முன்னால ஓடுறதையே இல்லங்கிறீங்க. ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்க. புள்ளைங்களப் பாக்கிற வேலை, விளையாட்டில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில்கூட நான் சொன்னதுதான் சரி என்று எனக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

பத்து நாள் கழித்து அவருடைய மகன் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறவர். அம்மாவுடைய பழைய படத்திலிருந்து பாஸ்போர்ட் அளவில் இரண்டு பிரதி வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"மருத்துவ பாரத்துக்குங்க. அம்மாவ வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. புத்தி நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வரச் சொல்றாங்க."

நான் அங்கே சொல்லிவிட்டு வந்த சொல், லயம் லயமாகப் போயிருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் அக்கா ஒரு குழந்தையின் பால் போத்தலை இன்னொரு குழந்தைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் நடக்கக்கூடியது, அன்றைக்கு அந்தத் தாயே சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். என் பேச்சுக்குப் பிறகு அதே தாய் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மூன்றாவது ஆள் ஆபீசுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்குதுங்க," என்றார் மகன். "ராவும் பகலும் அந்தக் கரடியவே பேசுறாங்க. நீங்க படிச்சவங்க, படத்த வச்சு வேலை செய்றவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில்கூடக் கரடி விஷயத்தில் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு ஞாபகப் பிசகு இருக்கலாம், அதை எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் என் தப்பு என்று சமாதானம் செய்துகொண்டேன். படத்தை அச்சுப்போட்டு வெட்டிக் கொடுத்தேன். அந்த முகத்தை வெட்டும்போதுதான் காய்கறிக்காரர் நினைவுக்கு வந்தார். அவரும் பீச்சாங்கை என்றுதானே சொன்னார்? வார்த்தைகூட அதே வார்த்தை. ஒரே பிசகு இரண்டு தலைக்குள் எப்படிப் புகும்?

கடையைப் பூட்டாமல்கூடச் சந்தைக்குப் போனேன். "அந்தக் கரடி எப்படிச் சாப்பிட்டுச்சு, செஞ்சு காட்டுங்க" என்றேன். ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இடது கையை வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சிக் காட்டினார். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படிச் சாப்பிட்டு அடி வாங்கினார்களாம். ஒரு வாரம் தோட்டம் முழுக்க அதே கூத்தாம். எனக்கு அப்படி ஒரு கூத்து நினைவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அடி வாங்கவில்லை.

அங்கிருந்தபடியே அக்காவுக்கு, வலப்பனை அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"பெரட்டுக் களத்துல படம் போட்டப்ப நம்ம எங்க உக்காந்தோம்?"

"முன்னாலதான், நாற்காலியில. மெஷினுக்குப் பக்கத்துல. அப்பாதானே நாற்காலி வரிசை போட வைப்பாரு. தொரை வீட்டுக்கு முதல் வரிசை, நமக்கு ரெண்டாவது. ஏன்டா?"

"லயத்து ஆளுங்க எங்க உக்காந்தாங்க?"

"அவங்க அந்தப் பக்கம். துணிக்கு அங்கால, மேட்டுல."

அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்கும் அதுவரை பட்டதில்லை. ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, ஒரு வெள்ளை விரிப்பைக் கயிற்றில் கட்டி, புரொஜெக்டரை வைத்துக் கரடி சாப்பிடும் இடத்தைப் போட்டுவிட்டு, விரிப்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். கரடி இடது கையால் சூப் குடித்தது. ஆடு பிள்ளைக் காம்பரா அக்கா சொன்ன பக்கத்திலிருந்து வந்தது. ஆரம்பத்து எழுத்துகள் தலைகால் புரியாமல் திரும்பிக் கிடந்தன. ஆனால் மேட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் யார் ஆங்கிலம் வாசித்தார்கள்? ஆட்டின் தாடிக்கு மூன்று வாரம் கொடுத்தவன் நான், துணியைச் சுற்றி நாலு எட்டு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அப்பா மேலும் வந்தது. அவர் செத்துப் பல வருடமாகிறது, அவரிடம் எதைக் கேட்பது?

படத்தை இடவலமாகத் திருப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பிய படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு அவரை வீட்டில் பார்த்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாங்க தம்பி" என்றார், முகம் கொடுக்காமல். அவர் வீட்டு டிவியில் படத்தைப் போட்டேன்.

கரடி கரண்டியை எடுத்தது. அக்கா விறகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"இதுதாங்க," என்றார். "இந்தக் கரடிதான்."

நான் விளக்கினேன். துணி, மெஷின், நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க துணிக்குப் பின்னால இருந்து பாத்திருக்கீங்க, அதான் மாறித் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "பின்னாலயா? நாங்க முன்னாலதான்ங்க உக்காந்திருந்தோம். மெஷினு சத்தமும் நாற்காலியும் இருந்ததுதான் பின்பக்கம். நீங்கல்லாம் அங்க இருந்தீங்க. பாவமே, துணி மறைக்குமேன்னு நெனைப்போம்."

படம் முடிந்தது. மறுபடி போடட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாள் கோபமும் அந்தப் பார்வையில் இருந்தது.

"எனக்கு எதுக்குங்க காட்டுறீங்க? எனக்குத்தான் தெரியுமே. நீங்க யாரு முன்னால சொன்னீங்களோ அவங்ககிட்ட போய்க் காட்டுங்க."

அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவன், அவருக்கு ஏதோ கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை நம்ப வைக்க வேண்டிய தேவையே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அங்கே டிவி ஏது? என் போனில் கரடியை ஓடவிட்டு, இரண்டு விதமாகவும் காட்டி, அக்கா சொன்னது சரி, நான்தான் தப்பு என்று சொன்னேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சத்தமாகச் சொன்னேன். மூத்த பெண்கள் சிலர் போனைப் பார்த்ததும், "ஏய், பீச்சாங்கைக் கரடி" என்று சிரித்தார்கள். சின்ன வயதுக்காரிகளுக்கு அந்தக் கரடியே தெரியாது. பத்து மாதக் குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. கூடையை இறக்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப அன்னைக்கு எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க? டாக்டர்கிட்ட காட்டச் சொன்னீங்களே?"

"நான் நாற்காலியில உக்காந்து பாத்தவன்மா," என்றேன். "அந்தப் பக்கம் ஆளுங்க இருந்தாங்கங்கிறதே எனக்கு நெனைப்பில்ல."

கணக்குப்பிள்ளை தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவள் கூடையைத் தராசில் வைத்தாள், முள் நிற்கும்வரை பார்த்தாள், நிறையைச் சரிபார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"புள்ளைய நாளைக்கு நான் அக்காகிட்டயே விடுறேன். ஆபீசுலயும் நாங்களே சொல்லிக்கிறோம். நீங்க இனிமே படத்தோட நிறுத்திக்கங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.